பரிசல் கொட்டாயில் குடியிருக்கலாமா?

கல்லும் காரையும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மேஸ்திரியின் பதில்கள்

போன மாதம் வேறு ஏதோ எழுதும்போது, நாங்கள் குடியிருப்பது காவிரிக் கரையில் ஒரு பழைய பரிசல் கொட்டாய் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். பரிசல்களை மழைக்கும் வெயிலுக்கும் ஒதுக்கி வைக்க என் மாமனாருடைய அப்பா கட்டிய கல் கட்டடம் அது. அம்மாபேட்டைக்கும் பவானிக்கும் நடுவே இருக்கிறது. 1991-ல் அதை வீடாக்கிக் குடிவந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு, இந்த முறை ஆற்றோரக் கல் கட்டடங்களை மட்டும் பேசுகிறேன்.

கேள்வி: எங்கள் அப்பாருக்குச் சொந்தமான கல் கொட்டாய் ஒன்று ஆற்றோரமாக இருக்கிறது. சுவர் இரண்டடி கனம். அதை வீடாக்க ஆசை. ஆனால் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு எப்போதும் ஓதம். வெள்ளையாக உப்பு பூக்கிறது. பார்க்க வந்த இன்ஜினியர், "இடித்துவிட்டுப் பில்லர் போட்டுக் கட்டுங்க. இல்லையென்றால் சிமெண்ட் பூசி நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடுங்க" என்கிறார். எதுங்க சரி? (வாசகி, பவானி)

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மணி. இரண்டாவதை நானே செய்து பார்த்துக் கெட்டவன்.

1993-ல் எங்கள் வீட்டிலும் இதே மூன்றடி ஓதம் இருந்தது. அப்போது எனக்குக் கையில் நிறைய சிமெண்ட் வேலை. நாலுக்கு ஒன்று கலவை போட்டு, ஐந்தடி உயரத்துக்கு உள்ளே வெளியே இரண்டு பக்கமும் பூசினேன். முதல் வருடம் சுவர் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் தட்டிப் பார்த்தால் பூச்சுக்குள்ளே பொந்து விழுந்த சத்தம். மூன்றடியில் நின்ற ஈரம் ஆறடிக்கு மேலே ஏறியிருந்தது. அட்டாலிப் (பரண்) பலகையின் சுவரோர முனைகள் உளுத்துப்போயின. அதில்தான் என் மாமியார் விதைச்சோளம் வைத்திருந்தார்.

காரணத்தைச் சொல்கிறேன். நம் பக்கத்துக் கருங்கல் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருக்கிற காரையும், சுவரின் நடுவில் கொட்டியிருக்கிற மண்ணும்தான் ஈரத்தை மேலே இழுக்கின்றன. பழைய சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். காற்றுப் பட்டு அது காயும். கூட வந்த உப்பு சுவர் மேலேயே தங்கும். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை அந்தக் காரை பொரிந்து கொட்டும். கொட்டட்டும் என்றுதான் பழைய ஆட்கள் சுண்ணாம்பைப் பூசினார்கள். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லை. எங்கே பூச்சு முடிகிறதோ அதுவரை ஏறிப் போய் அங்கே வெளிப்படும். டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: அவர்கள் சிறு வயதில் இந்தச் சுவர் பங்குனி, சித்திரையில் காய்ந்து கிடந்திருக்கும். 1980-களின் கடைசியிலிருந்து மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று காவிரியில் மின்சாரத்துக்காக வரிசையாகக் கதவணைகள் வந்தன. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் கோடையிலும் ஆற்றில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதனால் சுவரின் கால் வருடம் முழுக்க நனைந்தபடியே இருக்கிறது. கட்டியவர் கணக்கில் இது கிடையாது. ஆகவே ஓதத்தை முழுசாக நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருகிற ஈரம் வந்த வழியே போய்விட வேண்டும், அவ்வளவுதான் நம் வேலை.

செய்ய வேண்டியது இது. ஏற்கெனவே சிமெண்ட் இருந்தால் உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் கொத்தி எடுங்கள். மெஷின் வேண்டாம், கல்லின் விளிம்பு தெறித்துவிடும். பிறகு ஒரு கோடை முழுவதும் சுவரைச் சும்மா விடுங்கள். ஆள் கூலி நிற்கிறதே என்று அவசரப்படாதீர்கள். ஆடிக்கு முன்னால் இடுக்குகளை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, சுண்ணாம்புக் காரை வைத்து அடையுங்கள். சுத்தமான சுண்ணாம்பு காற்றில்தான் இறுகும். ஈரச் சுவரில் சீக்கிரம் இறுகாது. அதனால் சுவரின் காலுக்குச் சுக்கான்கல் சுண்ணாம்பு நல்லது. அதில் இயற்கையாகவே களிமண் கலந்திருப்பதால் ஈரத்திலும் பிடிக்கும். சுக்கான் கிடைக்காவிட்டால் ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு நாட்டுச் செங்கல் தூள், இரண்டு பங்கு கழுவிச் சலித்த மணல். இது எங்கள் வீட்டில் நின்ற கணக்கு.

என் அப்பா காரைச் செக்கில் மாடு பூட்டி அரைத்தவர். கடுக்காயை இடித்துக் கருப்பட்டியோடு ஊற வைத்த தண்ணீரை விட்டு அரைப்பார். அந்தக் காரை கரண்டியில் குழைந்து வரும், சட்டென்று வெடிக்காது. பதினான்கு வயதில் அந்தச் செக்கடியில் சித்தாளாக நின்றவன் நான். இருந்தும் சிமெண்ட் வந்ததும் அதையெல்லாம் மறந்துபோனேன் என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம். பூசிய பிறகு சாக்கை நனைத்து மூடி, இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே பெயிண்ட் அடிக்காதீர்கள், வெறும் சுண்ணாம்பு போதும். உப்பு பூக்கத்தான் செய்யும். துடைப்பத்தால் தட்டிக் கூட்டுங்கள்; தண்ணீர் விட்டுக் கழுவினால் திரும்ப உள்ளே போய்விடும்.

இடிப்பது பற்றி ஒரு வார்த்தை. இரண்டடி கனத்தில் இத்தனை வருடம் நிற்கிற சுவரை இடித்துவிட்டு ஒன்பதங்குலச் சுவர் கட்டுவது வீட்டுக்குச் செய்கிற அநியாயம்.

கேள்வி: கொடுமுடி பக்கம் ஆற்றோரத்தில் ஒரு கல் கட்டடம் விலைக்கு வருகிறது. வீட்டு வரி ரசீதும் கரண்ட் கனெக்‌ஷனும் இருக்கின்றன. வாங்கலாமா? (வாசகர், கொடுமுடி)

பதில்: அந்த இரண்டும் சொத்துரிமைக்கு ஆதாரம் இல்லைங்க. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம், கிராமத்து நிலங்களின் கணக்கான அ-பதிவேட்டில் அந்தப் புல எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஆற்றுப் புறம்போக்கு என்று இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்; எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பட்டா நிலம் என்றால் புலப்படத்தை வைத்து சர்வேயரை அளக்கச் சொல்லுங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கம் இரண்டையும் விவரம் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள்.

பரிசல் கொட்டாய்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. துறையில் பரிசல் விடும் உரிமை ஏலத்தில் போகும். ஆங்கிலேயர் காலத்து 1890 சட்டப்படி துறைகள் பொதுவானவை. ஏலம் எடுத்தவர் ஆற்றங்கரையில் கொட்டாய் போட்டுக்கொண்டிருப்பார். கொட்டாய் அவருடையது, மண் சர்க்காருடையது. பேரன் காலத்தில் அது "எங்கள் பூர்வீகச் சொத்து" ஆகிவிடும். எங்கள் வீட்டில் சுவர்வரைக்கும் பட்டா. அங்கிருந்து ஆற்றுக்கு இறங்கும் ஏழு கல் படிகள் புறம்போக்கு. நாங்கள் கம்பி வேலி போடவில்லை. ஆடி பதினெட்டுக்கு ஊர்ப் பெண்கள் முளைப்பாரி கொண்டுவந்து விடுவது அந்தப் படியில்தான். அன்றைக்கு எங்கள் ஆசாரம் (முன்கூடம்) முழுக்க ஒரம்பரை, விருந்தாளிகள்தான்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குள் 2018-லும் 2022-லும் தண்ணீர் வந்துவிட்டது. தரையை எவ்வளவு உயர்த்தினால் போதும்? ஆற்றோரத்தில் இருக்கிற உங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வருவதில்லையா? (வாசகர், கருங்கல்பாளையம், ஈரோடு)

பதில்: வராமல் எப்படிங்க? வருகிறது. நாங்கள் அதற்கு இடம் விட்டிருக்கிறோம்.

எங்கள் வாசல் நிலைக்குப் பக்கத்துக் கல்லில் உளியால் கொத்திய கோடுகள் இருக்கின்றன. மேலே இருப்பது 1924. அந்த வருடம் ஆடியில் வந்த பெருவெள்ளத்தை என் மாமனார் தன் அப்பா சொல்லிக் கேட்டவர். மேட்டூர் அணை வந்தது 1934-ல். அதற்கு முன்னால் மழை பெய்த அத்தனையும் அப்படியே இறங்கி வரும். அந்தக் கோடு என் தலைக்கு மேலே ஓரடி உயரத்தில் இருக்கிறது. அணை வந்த பிறகு உள்ள கோடுகள் எல்லாம் அதற்குக் கீழேதான். 2005, 2018, 2022 மூன்றும் என் கையால் கொத்தியவை. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது எங்கள் கீழ்த்தளத்தில் மூன்றரையடி நின்றது.

தரையை உயர்த்துவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் சுவரடியைப் பாருங்கள். எங்கள் கொட்டாயில் ஆறு வருகிற மேல்புறச் சுவரிலும் ஆறு போகிற கீழ்புறச் சுவரிலும் தரையோடு தரையாக ஒரு சாண் அகலத்தில் ஆறு பொந்துகள் உண்டு. குடிவந்த புதிதில் எலி வரும் என்று அடைக்கப் போனேன். மாமனார் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, ஆறு உள்ள வந்து போற வழி அது. அடைச்சா சுவத்த எடுத்துட்டுப் போயிரும்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. வெளியே ஒரு மீட்டர் தண்ணீர் நின்று உள்ளே காய்ந்து இருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் தண்ணீர் அரை டன் அளவுக்குத் தள்ளும். இரண்டு மீட்டர் நின்றால் அது ஒரு டன் இல்லை, இரண்டு டன். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்றால் தள்ளுகிற வேலையே இல்லை. எங்களுக்குச் சற்றுக் கீழே ஒருவர் தன் கல் வீட்டில் பொந்துகளை எல்லாம் அடைத்து, வாசலில் மணல் மூட்டை அடுக்கி 2005 வெள்ளத்தைத் தடுத்தார். மேல்புறச் சுவர் ராத்திரியில் உள்பக்கமாக விழுந்தது. ஆட்கள் முன்னமே மேட்டுக்குப் போயிருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி எங்கள் ஏற்பாடு. கீழ்த்தளம் ஆற்றுக்கு. அங்கே கல் திண்ணையும் பாவுகல் தரையும்தான். பீரோ, கட்டில், மர அலமாரி எதுவும் கிடையாது. பதினாறடி உயரக் கொட்டாய் என்பதால் ஒன்பதடியில் ஒரு தளம் போட்டு, சமையல், படுக்கை எல்லாம் மேலே. அந்தத் தளத்தைப் பழைய சுவரில் ஓட்டை போட்டுச் செருகவில்லை. இடித்த வீடு ஒன்றிலிருந்து வாங்கிய நாலு கல்தூண்களை உள்ளே தனியாக நிறுத்தி அதன்மேல் உட்கார வைத்தேன். ஒயர் எல்லாம் மேலேயிருந்து கீழே இறங்கும். கீழ்த்தளத்து சுவிட்சுகள் 1924 கோட்டுக்கு மேலே இருப்பதால் பிள்ளைகள் ஸ்டூல் போட்டுத்தான் போட வேண்டும். கீழ்த்தளத்துக்குத் தனி மெயின். தண்ணீர் படியேறத் தொடங்கியதும் அதை அணைத்துவிடுவோம்.

உங்கள் வீடு மாடி வைத்த வீடா என்று எழுதவில்லை. மாடி இருந்தால் இதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் தரையை இரண்டடி உயர்த்துவதில் பெரிய பலன் இல்லை. கூரை தணிந்து புழுங்கும், அடுத்த வெள்ளம் மூன்றடி வரும்.

செப்டிக் டேங்கைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 2005-ல் மழைக்கு முன்னால் எங்கள் தொட்டியைச் சுத்தமாகக் காலி செய்து வைத்தேன். நிலத்தடி நீர் ஏறியபோது காலித் தொட்டி படகு மாதிரி மிதந்து எழும்பி விரிசல் விட்டுவிட்டது. வெள்ளக் காலத்துக்கு முன் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். ஆற்றுப் பக்கம் வைக்காமல் ரோட்டுப் பக்க மேட்டில் வையுங்கள். இது உங்கள் ஒரு வீட்டு விஷயம் மட்டும் இல்லை, கீழே எத்தனையோ ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது.

அப்புறம் சேறு. தண்ணீர் இறங்க இறங்க, அந்தத் தண்ணீரையே வாளியில் மொண்டு வீசிச் சேற்றைக் கழுவித் தள்ள வேண்டும். முழுசாக வடியட்டும் என்று ஒரு நாள் விட்டுவிட்டால் அப்புறம் மண்வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: ஸ்காட்லாந்தில் இருக்கும் என் மகள் ஏரிக்கரையில் பழைய கல் படகு வீடு ஒன்றைக் குடியிருப்பாக மாற்றியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பினாள். தரையில் கண்ணாடி பதித்து, அடியில் தண்ணீர் தெரிகிறது. நம் ஊரில் அதுபோலச் செய்ய முடியுமா? (வாசகி, கோவை)

பதில்: படத்தைப் பார்த்தேன், அழகாக இருக்கிறது. அங்கே படகு தண்ணீரிலிருந்து நேராகக் கட்டடத்துக்குள் நுழையும். அதற்குத்தான் ஆற்றையோ ஏரியையோ பார்த்து அந்தப் பெரிய வளைவு. படகு நிற்கிற இடம் கீழே. மேலே மீன்பிடிக்க வந்தவர்கள் உட்கார ஓர் அறை. நம் பரிசலை அப்படி ஓட்டிக்கொண்டு உள்ளே வர முடியாது. கரையேறியதும் தூக்கி வந்து கவிழ்த்துக் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூங்கில் மக்கும். அதனால் நம் கொட்டாய் கரை மேலே, பரிசலைத் தலைக்கு மேல் பிடித்தபடி நுழைகிற அகலத்தில் வாசலோடு இருக்கும். எங்கள் வாசல் பத்தடி. அதை அடைத்துச் சிறிய கதவு போடச் சொன்னவர்கள் பலர். நான் நாலு மடிப்புக் கதவு போட்டு அப்படியே வைத்திருக்கிறேன். விடியற்காலையில் கிழக்கே ஆற்றிலிருந்து வெளிச்சம் உள்ளே வந்து கூரைவரைக்கும் ஆடும். கண்ணாடித் தரை எதற்குங்க?

தவிர, ஆடியில் காவிரி செந்தண்ணீர். கண்ணாடிக்கு அடியில் சேறுதான் தெரியும். வெள்ளம் ஏறும்போது கீழிருந்து அது கண்ணாடியைத் தூக்கும்.

ஆனால் அவர்களிடம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பழைய கட்டடங்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்துப் பதிவேட்டில் வைத்திருக்கிறார்கள். பதிவில் உள்ள கட்டடத்தின் தன்மை மாறும்படி எதைச் செய்வதானாலும் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அங்கேயும் போன நூற்றாண்டில் கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துச் சுவர்களைக் கெடுத்தார்கள். இப்போது திரும்பவும் சுண்ணாம்புக்கு வந்திருக்கிறார்கள். நான் பார்த்த பரிசல் கொட்டாய் எதுவும் நம் ஊரில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சொந்தக்காரர் மனது வைத்தால் நிற்கும், இல்லாவிட்டால் ஒரு நாளில் ஜேசிபி வந்து கல்லை அள்ளிக்கொண்டு போகும். அப்படி மூன்று போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது ஆற்றோரம் இல்லை, தோட்டத்துக் கல் சாளை, அதாவது சின்ன ஓட்டு வீடு. ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடலாமா? (வாசகர், காங்கேயம்)

பதில்: வேண்டாம். நாலங்குல கான்கிரீட் சதுர மீட்டருக்கு 250 கிலோ எடை. சீமை ஓடு, சட்டத்தோடு சேர்த்து ஏறத்தாழ 65 கிலோ. மண் வைத்துக் கட்டிய பழைய சுவர் இந்த வித்தியாசத்தைத் தாங்காது. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் கிடைத்தால் அதையே போடுங்கள். உடையாத பழைய ஓடுகளைத் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்பதைத் திரும்பப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் அப்பா பரிசல் ஓட்டியவர். இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. உங்கள் கொட்டாயில் பரிசல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னார். (வாசகி, பூலாம்பட்டி)

பதில்: ஒன்று இருக்கிறது அம்மணி. கூரைச் சட்டத்தில் கயிறு போட்டுத் தூக்கி வைத்திருக்கிறோம். அந்தக் காலத்தில் மூங்கில் கூடைக்கு மாட்டுத் தோல் கட்டினார்கள். என் மாமனார் காலத்திலேயே சாக்கும் தாரும் வந்துவிட்டன. வருடத்துக்கு ஒரு தடவை, மாசியில், கீழே இறக்கித் தார் பூசுகிறேன். 2022-ல் தண்ணீர் உள்ளே நின்ற இரண்டு நாளும் மாடிப்படியில் அதைக் கட்டி வைத்திருந்தோம். பால் வாங்க ரோட்டுவரைக்கும் போய்வந்தது அதில்தான். துடுப்புப் போட்டது என் மனைவி. சின்ன வயதில் அவளுடைய அப்பா கற்றுக்கொடுத்தது.

இப்போது அதன் விளிம்புக் கட்டு ஒரு முழ நீளத்துக்கு விட்டுப்போயிருக்கிறது. அந்த முடிச்சு எனக்கு வரவில்லை. தெரிந்தவர்கள் எங்கள் கரையில் யாரும் இல்லை. உங்கள் அப்பாவுக்குக் கை ஞாபகத்தில் இருக்குமா என்று கேளுங்கள். பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு ஓடுகிறதல்லவா, அதில் அவரைக் கூட்டி வந்தால் நான் இந்தப் பக்கம் வண்டியோடு நிற்கிறேன். அவரால் முடியாதென்றால் சொல்லி அனுப்புங்கள். பரிசலை டெம்போவில் ஏற்றி நானே அங்கே கொண்டுவருகிறேன்.